வாசலுக்கு வைத்த வாழை

மகளின் கல்யாண வாசலில் கட்டுவதற்கென்று நயினார் வெட்டாமல் விட்டுவைத்திருந்த குலைவாழை இரண்டும் சாய்ந்து கிடக்கின்றன. தை பிறந்தும் பனி இல்லை. விடிந்ததுமே மண் சுடுகிறது. ஒன்றின் அடிக்கிழங்கை அரிவாளால் பிளக்கிறார். உள்ளே கிழங்கைத் தின்று கொழுத்த கூன்வண்டுப் புழுக்கள் நெளிகின்றன. போன வருடம் இதே புழுக்கள், மண்ணிலிருந்த வெள்ளைப் பூசணம் படர்ந்து செத்துக் கிடந்தன. அந்தப் பூசணத்தை அழுகல் நோய் என்று நினைத்து, தம்பி கொம்பையா தூருக்குத் தூர் பூசணம் கொல்லும் மயில்துத்தத் தண்ணீரை ஊற்றினான். அதில் தப்பிய பூசணத்தை இந்த வருட வெயில் காய்ச்சிவிட்டது. “வெயிலுக்கு நான் என்னண்ணே செய்வேன்?” என்கிறான் கொம்பையா, வாழைச் சருகை விரலில் சுற்றிக்கொண்டே. நயினார் அரிவாளைக் கிழங்கிலேயே குத்தி நிறுத்துகிறார். “வெயில நீ கூட்டிட்டு வரல. காவலுக்குக் கெடந்தத கொன்னது யாருலே?” ஒரு புழுவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடுகிறார். “கொண்டுபோயி கல்யாண வாசல்ல கட்டு.”