மூன்றாவது வாக்கியம்

"மூணே மூணு வாக்கியம், யூனாதி அண்ணே. அதுக்கு ஒரு மணி நேரமா?" என்றான் பிஸ்லான்.

கிராம அலுவலகக் கூடத்தில் டிவிக்காரர்களின் கேமரா நின்றது. அதன் முன்னால் யூனாதி ஆட்டுத்தோல் குல்லாவோடு வேர்த்து விறுவிறுத்து நின்றார். பின்னால் பெஞ்சில் ஊர்ப் பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள்.

முதல் யுத்தத்தில் பிஸ்லானும் யூனாதியும் செச்சென் சுதந்திரத்துக்காக ரஷ்யாவை எதிர்த்து ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள். இரண்டாவது யுத்தத்தில் தோற்றபோது யூனாதி வீட்டுக்குப் போனார், பிஸ்லான் ஜெயித்தவர்களிடம் போனான். தாடி அதே தாடிதான். சட்டைதான் மாறியிருந்தது.

யூனாதியின் மகன் துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அப்பா பாதியில் விட்டதை முடிக்கப் போவதாக ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். எந்தத் தகப்பனுக்கும் இப்படியொரு கடிதம் வரக்கூடாது.

இப்போது தகப்பன் கேமரா முன்னால் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி, இவன் என் மகனே இல்லை. வீட்டுக்கு வந்தால் நானே பிடித்துக் கொடுப்பேன். செத்தால் அவன் உடலைக் கேட்டு வரமாட்டேன்.

சொல்லாவிட்டால் சாயங்காலமே வீட்டுக்குத் தீ வைப்பார்கள். மேலத்தெருவில் ஏற்கெனவே இரண்டு வீடு சாம்பலாகிக் கிடக்கிறது.

யூனாதி முதல் வாக்கியத்திலேயே முட்டிக்கொண்டு நின்றார்.

காரணம் பிஸ்லானுக்கும் தெரியும். அவனும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே. பெற்ற அப்பா எதிரில் இருக்கும்போது, தான் பெற்ற பிள்ளையின் பெயரை ஒருவன் சொல்லக் கூடாது. அது பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. இருபத்திரண்டு வருடமாக யூனாதி, தன் அப்பா உமாலத் இருக்கும் அறையில் 'அந்தப் பையன்' என்றுதான் சொல்லி வந்தார்.

அது தெரிந்துதான் பிஸ்லான் கிழவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, முதல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தான்.

"டாங்கியைப் பாத்துக்கூட உங்களுக்கு இப்படி வேர்க்கலியே, அண்ணே. ஒரு பேரு. சின்னப் பேரு. சொல்லுங்க, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

பெஞ்சில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அல்ஹாசூர்," என்றார் யூனாதி.

வாயிலிருந்து அது வந்ததும் அவருக்கு உடம்பே கூசிப் போனது. முதல் தடவையாக அப்பாவின் முன்னால் அந்தப் பெயரைச் சொல்கிறார், அதுவும் எதற்காகச் சொல்கிறார். கிழவர் தன் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அல்ஹாசூர் என் மகன் இல்ல," என்று எப்படியோ முடித்தார் யூனாதி.

இரண்டாவது வாக்கியம் இரண்டு முறை தடுக்கி, மூன்றாவது முறை தேறியது.

மூன்றாவதற்கு முன்னால் கேமராக்காரர் தண்ணீர் கொடுத்தார். அந்த வாக்கியம் எப்படிப்பட்டதென்று அவருக்கும் தெரியும். காட்டில் செத்தவர்களின் உடலை சர்க்கார் யாருக்கும் கொடுப்பதில்லை. எங்கே புதைத்தோம் என்றும் சொல்வதில்லை. ரகசியமாகப் புதைத்தது தெரிந்தால் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எத்தனையோ தாய்மார்கள் ராணுவ முகாம் வாசலில் வருடக்கணக்காகக் கால் கடுக்க நின்றாயிற்று.

யூனாதி தண்ணீரைக் குடிக்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தார்.

"செத்தா அவன் உடம்பைக் கேட்டு யார் வாசலுக்கும் வரமாட்டேன்."

ஒரு சொல் பிசகவில்லை. குரல் நடுங்கவில்லை. பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

"இதுக்குத்தான் நீங்க உடைஞ்சு போவீங்கன்னு நெனச்சேன், அண்ணே," என்றான் மெதுவாக. "உங்க நெஞ்சு கல்லுதான்."

ஜீப் கொண்டுவிட வரவில்லை. வேலை முடிந்துவிட்டதல்லவா. அப்பாவும் மகனும் சேற்று வழியில் நடந்தார்கள். வழக்கம்போல யூனாதி இடப்பக்கம் ஓரடி பின்தங்கியே வந்தார். கிழவர் முகத்தில் எப்படி விழிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

பாலம் தாண்டியதும் கிழவர் நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார். ஓடைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"மூணு வாரம் முன்னாடி காட்டுப்பூண்டு பறிக்கக் காட்டுக்குப் போனியே."

"ஆமாம்ப்பா."

"சாக்குல பூண்டு இல்ல. நகத்துல மண்ணு இருந்தது." கிழவர் தடியை ஊன்றிக்கொண்டார். "ஆழமா வெட்டினியா?"

காட்டில் ஒரு மரத்தடியில் மகனின் உடலைக் கண்டெடுத்தது, ஓடைத் தண்ணீரைக் கைகளால் அள்ளி அள்ளிக் குளிப்பாட்டியது, தன் சட்டையையே கபன் துணியாகக் கிழித்துப் போர்த்தியது, தனியாளாக நின்று தொழுதது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக யூனாதியின் கண்முன் வந்தது.

"நெஞ்சளவு வெட்டினேன்ப்பா. மேல கல்லு அடுக்கியிருக்கேன்."

கிழவர் இரண்டு கைகளையும் ஏந்தினார். நட்டநடு வழியில், உதடு மட்டும் அசைய துஆ ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டு தடியை எடுத்தார்.

"அவகிட்ட சொல்லிடாத. பெத்தவ. தெரிஞ்சா வாய்விட்டு அழுதுருவா. அழுகைச் சத்தம் கேட்டா நாளைக்கே மண்வெட்டியோட வந்துருவானுங்க."

"சொல்லமாட்டேன்ப்பா."

"எத்தனை வருஷமானாலும்."

யூனாதி தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டு வாசலில் மனைவி ஸோவ்தா நின்றிருந்தாள். தலைத்துணியை அவசரமாகச் சரிசெய்துகொண்டு கேட்டைத் திறந்துவிட்டாள். மாமனார் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள். என்ன சொல்லச் சொன்னார்கள், என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவள் முகம் இரண்டு வருடமாக இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"டிவியில எப்பப் போடுவாங்களாம்?" என்றாள். "திட்டியிருந்தாலும் பரவால்ல. உங்க முகத்தையாவது பாக்கட்டும். எங்கயாவது இருந்து பாத்துருவான்ல?"

யூனாதி கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார்.

"பாத்துருவான்," என்றார்.