பின்சக்கரத்தின் பேச்சு

இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் அந்த நீளச் சைக்கிளின் பின்சக்கரம் ஒற்றை விரலில் தூக்கும்படி இருந்ததே பொன்னுரங்கத்துக்குப் பிடிக்கவில்லை. மலையடிவாரத்தில் ஐம்பது வருடமாகச் சக்கரங்களுக்குக் கோணல் எடுப்பவர் அவர். பஞ்சர் ஒட்ட வந்த ஜெபராஜும் அவன் மனைவி எஸ்தரும் மலையேறி மறுபக்கம் இறங்கப் போகிறார்களாம்.

“பாதி வளைவுல அப்பளமா நொறுங்கிரும். ரெண்டு உசுருய்யா!”

“ஒம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குங்க. ஒரு கம்பி அறுந்ததில்ல,” என்றான் ஜெபராஜ்.

கிழவர் அச்சைச் சுழற்றினார். பேரிங்கில் புதுக் கிரீஸ். கம்பிகளைச் சுண்டினார். எல்லாம் ஒரே குரலில் பேசின.

“யாரு பாத்துக்கிறது?”

“நான்தான்,” என்றாள் எஸ்தர். “ரோட்டை அவரு பாக்குறாரு. பின்னாடி எனக்கு அவரு முதுகுதான் தெரியும். அதான் சக்கரத்தைக் கேட்டுக்கிட்டே வருவேன்.”

கிழவர் எவர் சொல்லையும் சும்மா நம்பியதில்லை. சக்கரத்தை மாட்டும் சாக்கில் ஒரு கம்பியை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டு, “அந்தப் புளியமரம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க,” என்றார். அவளுக்குத் தெரியாவிட்டால் மலைக்கு விடுவதில்லை என்று எண்ணம்.

பத்தடி போவதற்குள், “நிறுத்துங்க!” என்று எஸ்தரின் குரல் கேட்டது.

இறங்கியவள் சக்கரத்தை மெல்லச் சுற்றி, சரியாக அந்தக் கம்பியில் விரல் வைத்தாள். “காலையில நல்லா இருந்துச்சு, பெரியவரே. இது உங்க கை வேலை.”

பொன்னுரங்கம் யாருக்கும் கொடுக்காத கம்பி முறுக்கும் ஸ்போக்ஸ் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு உள்ளே போய், தன் சொந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினார். “இதோட சக்கரத்தையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா.”