டிவீனாவுக்கு மட்டும் ஐஸ் கிடையாது

"இவளுக்கு ஐஸ் கிடையாது!"

கடைக்கார சியூமெய் அம்மா அப்படிச் சொல்லிவிட்டு, ஆவி பறக்கும் கிண்ணம் ஒன்றை டிவீனாவின் முன்னால் டொக்கென்று வைத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட காராமணிக் கஞ்சி. அதுவும் ஜூலை மாத வெயிலில்!

எதிரே ஆர்லினுக்கோ, குன்று மாதிரி துருவிய ஐஸ், மேலே மாம்பழத் துண்டுகள், அதன் மேல் கெட்டிப் பால் என்று ஜம்மென்று வந்து இறங்கியது.

ஆர்லினுக்குச் சுருக்கென்றது. இருவரும் பிலிப்பைன்ஸிலிருந்து தைவானில் இந்தத் தைனான் ஊர் ஃபேக்டரிக்கு வந்து மூன்று வருஷமாகிறது. ஞாயிறு வந்தால் சைக்கிளில் துறைமுகம் வரை ஒரு சுற்று, திரும்பும்போது இந்தக் கடையில் ஆளுக்கொரு ஐஸ். வாரம் பூரா மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதை விட்டால் வேறென்ன சுகம்?

"ஏம்மா, ரெண்டு பேருமே மாம்பழ ஐஸ்தானே கேட்டோம்?"

"உனக்கு உண்டு. அவளுக்குக் கிடையாது. ஆறிப்போறதுக்குள்ள குடிக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

"என்ன திமிர் பாத்தியா? எழுந்திரு டிவீனா, வேற கடைக்குப் போலாம்."

"ஐயோ, வேணாம்க்கா. அங்க பாருங்க, குவோ உட்கார்ந்திருக்காரு."

மின்விசிறிக்கு நேர் கீழே ஏஜென்ட் குவோ ஐஸ் தின்றுகொண்டிருந்தார். நாளைக்கு, திங்கட்கிழமை, டிவீனாவின் வேலையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்து வாங்கப் போகிறவர் அவர்தான். தும்மினவளைக்கூட உடம்பு சரியில்லாதவள் என்று எழுதி ஊருக்கு மூட்டை கட்ட வைக்கிற ஆசாமி. ஊரில் டிவீனாவின் வீடு கூரையில்லாமல் பாதியில் நிற்கிறது. நாளைக்குக் கையெழுத்து தவறினால் அது அப்படியே நிற்க வேண்டியதுதான்.

குவோவுக்குக் காது கூர்மை. "என்னம்மா, அந்தப் பொண்ணுக்கு மட்டும் கஞ்சி?" என்றார் சிரித்துக்கொண்டே.

"பின்னே? போன வாரம் ரெண்டு வாய் தின்னுட்டு, ஏதோ விஷத்தைக் குடுத்த மாதிரி எழுந்து ஓடினா. என் மாம்பழத்தை அவமானப்படுத்தினவளுக்கு ஐஸ் ஒரு கேடா?"

கடையே சிரித்தது. டிவீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

போன வாரம் அவள் ஓடியது நிஜம்தான். சைக்கிளைப் பூட்ட மறந்துவிட்டதாகச் சொன்னாள். அதற்காக இப்படியா?

"நன்றி கெட்ட பொம்பளை! ஏப்ரல்ல பத்து நாள் உன் புருஷனைப் பாக்க ஊருக்குப் போயிட்டு வந்தப்ப, இந்த அம்மாவுக்குன்னு காய்ஞ்ச மாம்பழம் பொட்டலம் பொட்டலமா தூக்கிட்டு வந்தியே, அது அவளுக்கு மறந்துபோச்சா?"

"விடுங்கக்கா. சூடாவும் நல்லாத்தான் இருக்கு."

நெற்றியில் வியர்வை வழிய வழியக் கஞ்சியைக் குடித்தாள் டிவீனா.

ஆர்லினுக்கு இதுதான் விளங்கவில்லை. மாம்பழ ஐஸ் என்றால் ஆறு நாளும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருப்பவள், இன்றைக்கு மறுபேச்சில்லாமல் கஞ்சி குடிக்கிறாளே! குவோவிடம் பயமா? இல்லை, தனக்குத் தெரியாமல் இந்த அம்மாவுக்கும் இவளுக்கும் நடுவில் ஏதாவது நடந்ததா? கேட்காமல் போனால் இன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது.

டிவீனா கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் எழுந்து கல்லாப் பக்கம் போனாள்.

"நேராவே கேக்குறேன். அவ வாயில்லாப் பூச்சின்னுதானே உங்களுக்கு இவ்வளவு இளப்பம்?"

சியூமெய் அம்மா குவோவின் மேஜையை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஐஸ் துருவும் மெஷினைத் தட்டிவிட்டாள். கடகடவென்று கடையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் ஆர்லினின் காதருகே குனிந்தாள்.

"எத்தனை மாசம்?"

"எது எத்தனை மாசம்?"

"அட மண்டு! ஒரே ரூம்ல படுக்கிறே, உனக்குத் தெரியாதா? நான் மூணு பெத்தவ. போன வாரம் அவ வாயைப் பொத்திக்கிட்டு ஓடினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மாசமா இருக்கிறவளுக்கு என் கையால ஐஸ் குடுப்பேனா?"

ஆர்லின் திரும்பிப் பார்த்தாள். டிவீனாவின் ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கை வயிற்றின் மேல். ஏப்ரல், மே, ஜூன்... அடக் கடவுளே! பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதுகூடத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நாளைக்குக் கையெழுத்துன்னு அந்த ஆளே இப்பத்தான் பெருமை அடிச்சுக்கிட்டிருந்தான். அது முடியிற வரைக்கும் அவன் காதுல விழக் கூடாது. நீ என்னைத் திட்டிக்கிட்டே போய் உட்காரு. நல்லா சத்தமாத் திட்டு."

"அங்க என்ன ரகசியம்?" குவோ குரல் கொடுத்தார்.

"ரகசியமா? என் மாம்பழம் புளிக்குதாம்! நியாயம் பேச வந்துட்டா, மகராசி!" சியூமெய் அம்மா கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

திட்டுவதற்காக ஆர்லின் வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது. அதை மறைக்க மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது இன்னும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஐஸ் கட்டியே இல்லை.