பக்கத்து வரிசை

பூங்காவனம் முகம் குப்புறச் சேற்றில் விழுந்தாள்.

பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டிருந்த தீபலட்சுமி, யாரோ நாற்றுக்கட்டு எறிந்த சத்தம் என்றுதான் நினைத்தாள். பிறகு தண்ணீரில் குமிழிகள் வருவதைப் பார்த்தாள்.

மற்ற மூன்று பெண்களும் ஓடி வந்தார்கள். புரட்டித் தூக்கி வரப்பில் கிடத்தினார்கள். அவள் மூக்கிலும் வாயிலும் இருந்த சேற்றைத் தீபலட்சுமி முந்தானையால் துடைத்தாள்.

ஆலங்காயம் சுற்றுவட்டாரத்தில் பூங்காவனத்தைப் போல நடவு நட ஆளில்லை. அவள் நடுவில் நின்றால் ஐந்து பேர் எட்டுப் பேர் வேலையைச் செய்வார்கள். அதனாலேயே நிலத்துக்காரர் ஹயாத் பாஷா அவளை விடுவதில்லை.

அவளுக்குப் பக்கத்து வரிசை எப்போதும் தீபலட்சுமிக்குத்தான். ஏழு வருஷமாக.

நடவில் பின்னோக்கித்தான் நகர வேண்டும். பிந்தியவளின் இரண்டு பக்கமும் மற்றவர்கள் நட்ட நாற்று நின்று வழியை அடைத்துவிடும். முதல் வருஷம் தீபலட்சுமி அப்படி மாட்டிக்கொண்டு நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன்பின் அவள் பிந்தியதே இல்லை. காய்ச்சலோடு நட்டிருக்கிறாள். இன்றும் இடுப்பு கழன்றுவிடும் போன்ற வலியோடு, பூங்காவனத்தின் கை தண்ணீரில் எழுப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதே வேகத்தில் நட்டாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஆம்புலன்ஸ் வருது, வருது," ஹயாத் பாஷா போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினார்.

பூங்காவனம் கண் திறந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தீபலட்சுமியைத் தேடினாள்.

"ஏண்டி, காலைலேர்ந்தே நெஞ்சு வலிக்குது. கொஞ்சம் மெதுவா நட்டா இன்னாடி? ஏழு வருசமா இப்டித் தொரத்துறியே."

தீபலட்சுமி துடைப்பதை நிறுத்தினாள்.

"நானா? நீ வுட்டுட்டுப் போய்டுவியேன்னுதான்க்கா ஓடியாந்தேன்."

பூங்காவனம் அவளையே வெறித்துப் பார்த்தாள். வரப்பில் நின்ற மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டியில் தீபலட்சுமியும் ஏறிக்கொண்டாள். வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். சேற்றுக்காலோடு, வழுக்கும் தரையில் விழுந்துவிடாமல் கூடவே ஓடினாள்.

கண்ணை மூடியபடியே பூங்காவனம் சொன்னாள்.

"மெதுவா வாடி."