புது வலை யாருக்கு?

“புது வலை மூத்தவளுக்குத்தான். என் பழசை நீ வச்சுக்க.”

சொல்லிக்கொண்டே அபோண்டி அக்கா இளையவளின் கட்டிலில் ஏறி, ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கொசுவலையை அவிழ்த்தாள். பக்கத்தில் நின்ற இளைய மனைவி ரிஸ்பாவுக்கு வயிற்றில் ஏழு மாதம்.

என் இடுப்பில் கைக்குழந்தை. இல்லாவிட்டால் பாய்ந்து பிடுங்கியிருப்பேன்.

“ஏன்க்கா, புருஷனைத்தான் பங்கு போட்டீங்க. பிள்ளைத்தாச்சி வலையிலயுமா பங்கு?”

“பக்கத்து வீட்டுக்காரி பக்கத்து வீட்டுல இருக்கணும். போடி, உன் அடுப்புல ஏதோ தீயுது.”

தன் நீல வலையை எறிந்துவிட்டுப் போனாள். அதில் இரண்டு இடத்தில் மீன்வலை நூலால் தையல்.

ரிஸ்பா கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த நீல வலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

போன மழையில் மலேரியா வந்துதான் அவளுக்கு ஆறு மாதக் கரு போனது. குளிரில் பல் கிட்டி அவள் கிடந்த கிடையை நான் பார்த்தவள். “மருந்து தோய்ச்ச வலை. ஒரு நாள்கூட இதுக்கு வெளியே படுக்காதே. இந்தப் பிள்ளையாவது தங்கட்டும்” என்று நர்ஸ் சொல்லித்தான் கொடுத்தார்.

அப்படியும் ஒரு வாரமாக இவள் அதற்குள் படுக்கவில்லை. கேட்டால், “புழுக்கமா இருக்கு.” கையெல்லாம் கொசுக்கடி. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

பழைய வலையில் மருந்து இருக்குமோ, இருக்காதோ? ஏரிப் பக்கமிருந்து கொசு கிளம்பும் நேரம். பொறுக்க முடியாமல் மூத்தவள் வீட்டுக்கு ஓடினேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அபோண்டி அக்கா வெள்ளை வலைக்குள் படுத்திருந்தாள்.

“சுகமா இருக்காக்கா?”

“கத்தாதே. அவளுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டுமே! அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

“அவ அம்மா செத்தப்போ முற்றத்துல கிடத்தி, ஈ மொய்க்காம வெள்ளை வலை கட்டினோமே, ஞாபகம் இருக்கா? கட்டினது நான்தான். மூணு நாள் அதையே பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு வாரமா இவ இந்த வலைக்குள்ள போகாம, தரையில உக்காந்தே விடிய வைக்கிறா. வயித்துல பிள்ளையோட சாவுப் பேச்சு எடுப்பாளா? அதான் புழுக்கம்ங்கிறா.”

கட்டிலருகே போய் நின்றேன்.

“நீலத்துல மருந்து இருக்குடி. போன வருஷம் கொடுத்தது. நர்ஸ்கிட்ட கேட்டுட்டுதான் வந்தேன்.”

“இதையெல்லாம் அவகிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா வாங்குவாளா? பிணத்து வலையில அக்காவைப் படுக்க வைக்கிறோமேன்னு அழுவா. பேராசைக்காரின்னு திட்டிட்டே நிம்மதியாத் தூங்கட்டும்.”

தலை குனிந்து கிளம்பினேன். வலைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு என் துணியைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

“கொஞ்ச நேரம் உக்காருடி. என் மகனையும் இப்படித்தான் வெள்ளை வலைக்குள்ள கிடத்தினேன்.”