பிரபு சுட்ட கௌதாரிகள்

ஹார்லெம் மணல்மேட்டில் சுருக்கு வைத்து ஒரே ஒரு கௌதாரி பிடித்ததற்காக, யோஸ்டைச் சவுக்கால் அடித்து ஊரைவிட்டே துரத்தியவர் பிரபு அட்ரியான். அவரே, தாம் துப்பாக்கியால் சுட்ட இரண்டு கௌதாரிகளை யோஸ்டின் மனைவி, ஓவியக்காரி மக்டெல்ட்டிடம் அனுப்பி, ஆணியில் தொங்குவதுபோல் வரையச் சொன்னார். அவளும் ஒப்புக்கொண்டாள்.

"வெக்கமா இல்லையாடி?" என்று ஊரே கேட்டது, கண்ணுகளா.

பிரபு வீட்டு விருந்தன்றுதான் படம் சுவரேறியது. மக்டெல்ட்டும் பக்கத்தில் நின்றாள். வேட்டை நீதிபதி பறவையைக் கழற்றக் கை நீட்டினார். விரலில் தட்டியது வெறும் பலகை. கூடமே சிரித்தது.

"என்னையே ஏமாத்திட்டியே, பொண்ணு!" என்றவர் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். "ஆமா பிரபு, சுட்டேன்னு சொன்னீங்களே, குண்டுக் காயத்தையே காணோம்? கழுத்துல சுருக்குத் தடந்தானே இருக்கு!"

"பொய்! இவ வேணும்னே வரைஞ்சிருக்கா!"

"நான் என்னத்தக் கண்டேன், ஐயா? நீங்க அனுப்புனத ஒரு இறகு விடாம வரைஞ்சேன்" என்றாள் மக்டெல்ட்.

சுருக்கு வைப்பது பிரபுக்களுக்கும் குற்றம்தான். "இறகையே எண்ணி வரையுறவ, கழுத்தையா தப்பா வரைவா?" என்ற நீதிபதி, அன்றே பிரபுவின் வேட்டை உரிமையைப் பறித்தார்.

அந்தக் கௌதாரிகளை, வரைந்து முடித்த கையோடு மக்டெல்ட் வெண்ணெயில் வதக்கிப் பிள்ளைகளோடு தின்றிருந்தாள். அவள் பல்லில் மட்டும் கடிபட்ட ஈயக் குண்டுகள் ஐந்து.