ஸ்டாண்டில் கூடக் கேட்ட இரண்டரை

"நாலு ரூபாயா? என்னய்யா அநியாயம் இது?"

கோதண்டபாணியின் குரல் திண்டிவனம் ரயிலடி சைக்கிள் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. விழுப்புரத்திலிருந்து வந்த சாயங்கால வண்டியில் இறங்கியவர்கள், சைக்கிளை உருவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள்.

"மாச வாடகை ஒன்றரை ரூபாதானே? மேல ரெண்டரை எதுக்கு?"

"ஒரு செலவு ஆயிடிச்சி சார்" என்றான் ஸ்டாண்டுக்காரன் சவுரிராயன், தணிந்த குரலில். "கூட்டம் போவட்டும், சொல்றேன். கொஞ்சம் நில்லுங்க."

"நிக்கறதுக்கும் காசு கேப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டபாணி ஒன்றரை ரூபாயை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டு சைக்கிளில் ஏறினார். விழுப்புரத்தில் வரி பாக்கி வசூலிக்கும் குமாஸ்தா அவர். எத்தனை பேருடைய சாக்குப்போக்கைப் பார்த்தவர்! அவரிடமேவா?

வீட்டில் மனைவி அம்சா கேட்டாள்: "அவன்தான் சொல்றேன்னானே, நின்னு கேட்டுட்டு வந்திருக்கலாம். ரெண்டரை ரூபாய்க்குப் போயி மனு எழுதிக்கினு..."

"ரெண்டரை ரூபா பெரிசில்ல அம்சா. சொந்த இடம்னா வாய்க்கு வந்ததைக் கேக்கறதா? இந்த மாசம் அவன் லைசென்சு புதுப்பிக்கணும். ஒரு மனு போதும், ஸ்டாண்டையே மூடிடுவாங்க."

"நாலு புள்ளைங்கள வச்சிக்கினு அவன் எங்க போவான்?"

கோதண்டபாணி ஒரு நிமிஷம் யோசித்தார். அதற்கு மேல் யோசிப்பது, நியாயம் தம் பக்கம் இருக்கும்போது, அவருக்குப் பிடிக்காது. பேனாவில் மை ஊற்றி, 'பொதுமக்கள் நலன் கருதி' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினார். படித்துப் பார்த்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அதே சைக்கிளில் நகராட்சி ஆபீசுக்குப் போனார். அங்கே குமாஸ்தா தேவநாதன் மனுவை நிதானமாகப் படித்தார்.

"ஜோரா எழுதியிருக்கீங்க. இது உள்ள போச்சின்னா அவனுக்கு லைசென்சு கிடைக்காது. ஆனா உங்க சைக்கிள் வில்லை நம்பரை விட்டுட்டீங்களே?"

கோதண்டபாணிக்குச் சுருக்கென்றது. சைக்கிளுக்கு வருஷா வருஷம் நகராட்சியில் வரி கட்டி, பித்தளை வில்லை வாங்கி மாட்ட வேண்டும். சித்திரையிலேயே கட்டியிருக்க வேண்டியது. ஆனி முடியப் போகிறது, அவர் இன்னும் கட்டவில்லை. போகட்டும், போன வருஷத்து வில்லையின் நம்பரைச் சொல்லிவிட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

வாசலுக்கு வந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே குனிந்து பார்த்தார். இந்த வருஷத்து வில்லை புத்தம் புதிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றும் புரியாமல் உள்ளே வந்து நம்பரைச் சொன்னார். தேவநாதன் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"நானூத்திப் பதினெட்டு... இது நேத்து குடுத்த வில்லையாச்சே! மத்தியானம் ஸ்டாண்டுல செக்கிங் பண்ணோம். வில்லை இல்லாத சைக்கிளை எல்லாம் தூக்கி வண்டியில ஏத்தறப்போ, சவுரிராயன் இந்த ஒண்ணை மட்டும் விடாமப் புடிச்சிக்கினான். வரி ரெண்டு ரூபா, அபராதம் அம்பது காசு. அவன் கைக்காசைத்தான் கட்டினான்."

கோதண்டபாணியின் கை மனுவைத் தேடி மேஜைமேல் மெதுவாக நகர்ந்தது. தேவநாதன் ரிஜிஸ்டரை மூடிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருதுய்யா இந்த சைக்கிள்னு கேட்டேன். 'பேரு வேணாம் சார். அவரு ஊராருகிட்ட வரி வசூல் பண்றவரு. அவரே வரி கட்டலன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா கூசிப் போயிடுவாரு'ன்னுட்டான்."